பள்ளிகளிலும் வணிக இடங்களிலும் வெளிப்புற நிழற்கூரை: திட்டமிடும் முறை

ஒரு பாலர் பள்ளியோ உணவகமோ நிழற்கூரை போட முடிவெடுத்ததும் முதலில் செய்வது, கட்டுமானக் குத்தகையாளரை அழைத்து இடத்தைக் காட்டி விலைக்குறிப்புக் கேட்பதுதான். அவர் நீள அகலத்தை அளக்கிறார், அதே அளவுக் கூரைக்கு ஒரு தொகை சொல்கிறார், துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். பணம் வீணாவது இந்த வரிசையினால்தான். கூரை போட்ட இடத்திலேயே இருக்கும், நிழலோ நாள் முழுதும் நகர்ந்துகொண்டிருக்கும். ஆகவே எந்த நேரத்தில், யார், எங்கே, எவ்வளவு நேரம் இருக்கப்போகிறார்கள் என்பதை எழுதி முடிக்கும்வரை கூரையின் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

2023 மே 13ஆம் தேதி சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டு, 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமமானது. அந்த வாரங்களில் பல பள்ளிகள் மாணவர்களை உடற்பயிற்சி உடையிலேயே வகுப்புக்கு வர அனுமதித்தன. அதன் பிறகு நிழற்கூரை கேட்கும் பள்ளிகளும் கடைகளும் கூடியிருக்கின்றன என்றால் அது நல்லதே. ஆனால் கூரை வந்த பிறகும் பிள்ளைகள் வெயிலில்தான் விளையாடுகிறார்கள் என்றால், யாருக்காகச் செலவழித்தோமோ அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நிழல் விழும் இடத்தை அளத்தல்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கிலும், மற்ற மாதங்களில் தெற்கிலும் நிற்கிறது. சென்னையில் வீடு கட்டிப் பழகியவர்கள் தெற்கு வெயிலையே பெரிதாக நினைப்பார்கள். இங்கே வடக்கையும் தெற்கையும் ஏறக்குறைய ஒன்றாகவே பார்க்க வேண்டும். 3 மீட்டர் உயரக் கூரையின் நிழல் ஜூன் மாத நண்பகலில் சுமார் 1.2 மீட்டர் தெற்கே தள்ளியும், டிசம்பரில் சுமார் 1.4 மீட்டர் வடக்கே தள்ளியும் விழும். இது சமாளிக்கக்கூடியது. உண்மையான தொல்லை கிழக்கிலும் மேற்கிலும் இருக்கிறது.

நம் கடிகாரம் கிழக்கே வெகு தொலைவிலுள்ள தீர்க்கரேகைக்கு ஏற்ப ஓடுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியளவில். எனவே மாலை 4.30 மணி என்பது பலர் நினைப்பதுபோல் வெயில் இறங்கிவிட்ட நேரமன்று. பாலர் பள்ளிகள் வழக்கமாகப் பிள்ளைகளை வெளியே அழைத்துவரும் காலை 9.30 மணியையும் மாலை 4.30 மணியையும் எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட, பக்கங்கள் திறந்த தட்டைக் கூரை ஒன்று இருக்கிறது. காலை 9.30க்கு அதன் நிழல் ஏறத்தாழ 4 மீட்டர் மேற்கே தள்ளி விழுகிறது. மாலை 4.30க்கு அதே அளவு கிழக்கே தள்ளி விழுகிறது. கூரைக்கு நேர் கீழே காலையில் மேற்கோரத்து 2 மீட்டரும் மாலையில் கிழக்கோரத்து 2 மீட்டரும் மட்டுமே நிழலில் இருக்கும். சறுக்குமரம் நிற்கும் நடுப்பகுதிக்கு இரு வேளையிலும் வெயில். அந்தக் கூரை முழு நிழல் தருவது பிற்பகல் 1 மணியை ஒட்டித்தான். அப்போது பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கண்டறியக் கணினி தேவையில்லை. 1 மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியை, இடத்தைப் பயன்படுத்தப்போகும் நேரத்தில் சமதரையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலின் நீளத்தையும் திசையையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கூரை 3 மீட்டர் உயரத்தில் வருமானால் அந்த நிழல் நீளத்தை மூன்றால் பெருக்குங்கள். கூரையின் நிழல் அத்தனை மீட்டர் அதே திசையில் தள்ளி விழும். மார்ச், ஜூன், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலும் இப்படிக் குறித்தால் ஆண்டு முழுவதற்குமான வரைபடம் கையில் இருக்கும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் வடிவமைப்பாளரிடம் அந்த மூன்று மாதங்களுக்கும், நீங்கள் குறிப்பிடும் நேரங்களுக்கும் நிழல் வரைபடம் கேட்டு வாங்கலாம். நண்பகலுக்கு மட்டும் வரைந்த படத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அளந்த பிறகு பல நேரங்களில் கூரையே தேவைப்படாமல் போகும். நான்கு மாடிப் பள்ளிக் கட்டடம் ஒன்று 16 மீட்டர் உயரமிருந்தால், மாலை 4.30க்கு அதன் கிழக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் வரை நிழல் கிடக்கும். விளையாட்டை அங்கே நகர்த்துவதற்கோ, நேரத்தை முக்கால் மணி மாற்றுவதற்கோ செலவில்லை. நன்கு வளர்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று வளாகத்தில் இருந்தால், அதன் கீழ் இருக்கைகளைப் போடுவதே முதல் திட்டமாக இருக்கட்டும். உலோகத் தகடுபோல் இலை சூடேறி நம்மீது அனலைக் கொட்டுவதில்லை. கூரைக்கு இடம் வேண்டுமென்று அத்தகைய மரத்தை வெட்டும் யோசனை எழுந்தால் அதை அங்கேயே நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலங்களிலும் சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் தேவை.

கூரை தேவை என்றே முடிவானால் அதைப் பயன்பாட்டு இடத்தைவிடப் பெரிதாக, குறிப்பாகக் கிழக்கு மேற்காக நீட்டி, போடுங்கள். மேற்கு விளிம்பைத் தாழ்த்துவதும், அந்தப் பக்கத்தில் காற்றுப் புகும் செங்குத்துத் தட்டிகளையோ கொடிப் பந்தலையோ வைப்பதும் மாலை வெயிலுக்கு நல்ல தடை. நேரடிக் கதிரை மறைப்பதோடு வேலை முடிந்துவிடாது. புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதி வானத்திலிருந்து சிதறி வருவது. சிறிய குடையளவு நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு பக்கத்திலிருந்தும் அது வந்துசேரும். சிங்கப்பூரில் புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்கள் உண்டு என்பதால், கூரை அகலமாக இருப்பதற்குத் தோலைக் காக்கும் காரணமும் சேர்கிறது. சுற்றிலும் வெறும் சிமெண்டுத் தரையாக விடாமல் புல்லாக வைத்தால் தரையிலிருந்து எதிரொளித்து வரும் பங்கும் குறையும்.

காற்று புக வேண்டும்

வெளிப்புற வெப்ப அழுத்தத்தைக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவில் 70 விழுக்காடு ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவு, 20 விழுக்காடு வெயிலில் காயும் கருங்கோளத்தின் அளவு, எஞ்சிய 10 விழுக்காடே சாதாரண வெப்பநிலை. நிழற்கூரை முக்கியமாகக் குறைப்பது அந்த 20 விழுக்காட்டுப் பங்கை. பெரிய பங்கு காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. வியர்வை உலரக் காற்றோட்டம் இல்லாவிட்டால் நிழலில் இருந்தும் உடல் தணியாது. வெயிலைத் தடுக்கிறோம் என்று மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரை இறக்கிய இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது விளக்காமலே தெரியும்.

உலோகத் தகட்டுக் கூரையின் அடிப்புறத்தில் வெப்பத்தடுப்புப் படலம் இல்லையென்றால் கூரையே அனல் வீசும். இதற்குப் பரிகாரமாகக் கூரையை உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்தினால் சூடு குறையும், ஆனால் நிழல் இன்னும் தள்ளிப் போகும். 3 மீட்டரில் 4 மீட்டர் நகர்ந்த நிழல், 4.5 மீட்டர் உயரத்தில் 6 மீட்டர் நகரும். நடுவில் உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்தி, உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி விட்ட இரண்டடுக்குக் கூரையே இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எதை எதிர்பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பின்னப்பட்ட பாலித்தீன் நிழல்வலை புறஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும், காற்றையும் விடும், விலையும் குறைவு. மழை அதன் வழியே ஒழுகும். விளையாட்டு இடத்துக்கு அது போதும், உணவருந்தும் மேசைகளுக்குப் போதாது. பிவிசி பூசிய துணி மழையைத் தடுக்கும். பாலிகார்பனேட் தகடு வெளிச்சமாக இருக்கும், ஆனால் வெப்பத்தையும் கணிசமாக உள்ளே விடும். ஒளி ஊடுருவாத அல்லது வெப்பத்தை எதிரொளிக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பொருளாக இருந்தாலும் தீ பரவலைத் தடுக்கும் தன்மைக்கான சான்றைக் கையில் வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

சுமத்ரா காற்றும் மழையும்

2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை, சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வீசிய சுமத்ரா சூறைக்காற்றில் தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவானது. பல இடங்களில் மரங்கள் சாய்ந்தன. 1984 ஏப்ரலில் அதே தெங்காவில் 144.4 கிலோமீட்டர் வேகமும் பதிவாகியிருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பக்கங்கள் திறந்த கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும். தூண்களின் அடித்தளம் கூரையின் எடையைத் தாங்குவதைக் காட்டிலும் அதைப் பறக்கவிடாமல் பிடித்துவைப்பதற்கே அதிகம் தேவைப்படுகிறது. நடைபாதைக் கற்களின்மீது போல்ட் அடித்து நிறுத்திய தூண்களைக் கண்டால் அஞ்சுங்கள். கணக்கீட்டைப் பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர் செய்து கையொப்பமிட வேண்டும்.

துணிக்கூரையில் இன்னோர் ஆபத்து, நீர் தேங்குவது. துணி தளர்ந்து 1 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழிந்தால் அங்கே 100 கிலோகிராம் தண்ணீர் நிற்கும். அந்தப் பாரம் குழியை மேலும் ஆழப்படுத்த, இன்னும் தண்ணீர் சேரும். எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி மற்ற இரண்டைத் தாழ்த்தி இழுத்துக் கட்டும் வடிவம் இதைத் தவிர்க்கிறது. வடியும் நீர் நடைபாதையில் கொட்டாமல் வடிகாலுக்குப் போக வழி செய்யுங்கள். கூரையோரத்தில் நீர் வடியும் பள்ளங்களைக் கூடுமானவரை தவிர்ப்பது நல்லது. இலை அடைத்துத் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுமையாக வளர ஒரு வாரமே போதும், அத்தனை உயரத்தில் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

திறந்த நிழற்கூரை இடியிலிருந்தும் மின்னலிலிருந்தும் பாதுகாப்புத் தராது. இடிமழை அதிகம் பெய்யும் ஊர் இது. இதைப் பள்ளியின் பாதுகாப்பு விதிகளிலேயே எழுதிவைத்து, எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துச் செல்ல வேண்டும்.

அனுமதிகள்

இதில் நிலத்தின் உரிமையாளரிடமிருந்து தொடங்குவதே எளிது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடையானால் வீவகவும் நகர மன்றமும், தொழிற்பேட்டையானால் அதை நிர்வகிக்கும் ஜேடிசி கழகமும், பல உரிமையாளர்கள் உள்ள கட்டடமானால் அதன் நிர்வாகக் குழுவும், அரசாங்கப் பள்ளியானால் கல்வி அமைச்சும் முதலில் சம்மதிக்க வேண்டும். அதன்பின் நகர மறுசீரமைப்பு ஆணையம்: கூரை போட்ட இடம் கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தத் தரைப்பரப்பில் சேருமா என்பதை அது முடிவுசெய்யும், சேருமானால் செலவுக் கணக்கே மாறிவிடும். லிட்டில் இந்தியா 1989 முதல் பழைய கட்டடங்களுக்கான மரபுப் பாதுகாப்புப் பகுதி என்பதால், அங்குள்ள தேக்காவில் கடைவீட்டின் முகப்பில் எதைப் பொருத்துவதற்கு முன்னும் விசாரித்துக்கொள்ள வேண்டும். முகப்பை ஒட்டிய கூரையிட்ட நடைபாதையான ஐந்தடி வழியே அந்தக் கடைவீடுகளின் நிழற்கூரைதான். அதை மேசைகளால் அடைத்துவிட்டு வெளியே கூரை கேட்பது பாதசாரிகளுக்குச் செய்யும் அநியாயம்.

கட்டட, கட்டுமான ஆணையம் கட்டமைப்பின் உறுதியையும், குடிமைத் தற்காப்புப் படை தீப் பாதுகாப்பையும் பார்க்கின்றன. தீயணைப்பு வாகனம் வரும் வழிக்கு மேலே 4.5 மீட்டர் உயரம் தடையின்றி இருக்க வேண்டும். பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிற்கும் இடம்வரை கூரை போடும்போது இதுதான் பெரும்பாலும் இடறும். வடிகாலுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் தூண் நடப் பொதுப் பயனீட்டுக் கழகம் விடாது. தோண்டுவதற்கு முன் உரிமம் பெற்ற ஊழியரைக் கொண்டு நிலத்தடி மின்கம்பிகளைக் கண்டறிவதும் கட்டாயம். சில நாள் விழாவுக்குப் போடும் பந்தலுக்கும் அளவைப் பொறுத்து அனுமதி தேவைப்படும்.

தொழிற்கூடங்கள், கிடங்குகள் ஆகியவற்றுக்கு மனிதவள அமைச்சின் விதிகளும் உண்டு. வெயிலில் கடும் உடலுழைப்புச் செய்வோருக்கு டபிள்யூபிஜிடி 32 டிகிரியை எட்டினால் மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும், அந்த ஓய்வு நிழலில் இருக்க வேண்டும். நிழலிடம் வேலை நடக்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருந்தால் போய்வரவே ஓய்வு நேரம் முடிந்துவிடும். ஒரே பெரிய கூரையைவிட, ஊழியர்கள் நிற்கும் இடங்களுக்கு அருகே நகர்த்தக்கூடிய சிறிய கூரைகள் சில, குடிநீரும் மின்விசிறியும் சேர்ந்து, அவர்களுக்கு உண்மையில் பயன்படும்.

வேலையைத் தொடங்கும் காலமும் பராமரிப்பும்

பள்ளிகள் ஆண்டிறுதி விடுமுறையில் இந்த வேலையைச் செய்ய விரும்புகின்றன. நவம்பர் முதல் ஜனவரிவரை மழை அதிகம். அடித்தளக் குழிகளில் தண்ணீர் நின்று வேலை இழுக்கும். ஜூன் விடுமுறை இதற்குப் பொருத்தமானது, ஆனால் அதற்குள் அனுமதிகள் கிடைக்க முந்திய ஆண்டிலேயே வரைபடங்கள் தயாராக வேண்டும்.

ஏலக்குத்தகை ஆவணத்தில் பராமரிப்பையும் சேருங்கள்: துணியின் இழுவிசையை ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்தல், சூறைக்காற்றுக்குப் பின் இணைப்புகளைப் பார்த்தல், போல்ட்டுகளிலும் கம்பிகளிலும் துருவைக் கவனித்தல், துணியை மாற்றும்போது சட்டங்களை மாற்றாமலே புதியதைப் பொருத்த முடிதல். கடலோரத்தில் எஃகுக்கு உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த பூச்சும், போல்ட்டுகளுக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகும் கேளுங்கள். 3 மீட்டருக்கு மேல் ஏறிச் செய்யும் வேலைக்கு அனுமதிச் சீட்டு முறை இருப்பதால், சுத்தம் செய்ய வரும் குழு எந்த வழியாக, ஆளைத் தூக்கிவிடும் எந்த ஏந்து வாகனத்தில் ஏறும் என்பதைத் தூண்களின் இடத்தை முடிவுசெய்யும்போதே வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.