கை எட்டும் உயரத்தில் பழமரம்: திருகோணமலை வளவுகளுக்கான கத்தரிப்பு முறை

திருகோணமலை நகரை ஒட்டிய பத்துப் பேர்ச் காணியில் வீடு, கிணறு, மலக்குழி, மதில் எல்லாம் போக மிஞ்சுகிற நிலம் தன்பாட்டில் வளரும் ஒரு கறுத்தக் கொழும்பான் மாமரத்துக்கே காணாது. முப்பது அடிக்கு மேல் போன மரத்தின் உச்சிப் பழம் வௌவாலுக்கும் குரங்குக்கும் போகும். மிச்சம் கூரைத் தகட்டில் விழுந்து சிதறும். அதே நிலத்தில் எட்டடியில் நிறுத்திய மா, கொய்யா, மாதுளை, தேசி நாலையும் பத்தடி இடைவெளியில் வைக்கலாம். கொக்கத்தடி இல்லாமல் பறிக்கலாம், காய்க்குப் பை கட்டலாம், முழு மரத்தையும் வலையால் மூடலாம்.

காற்றையும் நினைக்க வேண்டும். 1964 டிசம்பரில் ஒரு சூறாவளி இந்தக் கரையை அடித்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மாரி மழையில் மண் இளகி நிற்கும்போதுதான் இந்தக் காற்றுகள் வருகின்றன. நடுவில் திறந்து, தாழ நிற்கும் மரத்தில் காற்றுக்குப் பிடி குறைவு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிடுவோம். ஒட்டுக் கன்று வாங்கினால் மரம் குட்டையாக நிற்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒட்டு மா மூன்று நாலு வருடத்தில் காய்க்கும், தாய் மரத்தின் ருசியோடு காய்க்கும், அவ்வளவுதான். வெட்டாமல் விட்டால் அதுவும் வீட்டுக்கு மேல் போகும். அப்பிளைக் குட்டையாக்கும் ஒட்டுக்கட்டைகள் (ஒட்டுக்கு அடியில் வேரோடு நிற்கும் கன்று) குளிர் நாடுகளில் உண்டு. மாவுக்கு அப்படி ஒன்று நம் நாற்றுமேடைகளில் விற்பனைக்கு இல்லை. ஆகவே உயரத்தைப் பிடிப்பது கத்தரிதான். அதுவும் நட்ட முதல் இரண்டு வருடங்களிலும், அதன்பின் ஒவ்வொரு வருடமும் பழம் முடிந்த கையோடு வரும் மூன்று கிழமைகளிலும்.

முதல் வெட்டு

ஐப்பசியில் மழை தொடங்கியதும் கன்றை நடுங்கள். குழி மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல்மண்ணோடு நன்றாக மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்ப வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் எருவின் பங்கு கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். அதற்குக் கீழே முளைக்கும் எந்தத் துளிரும் ஒட்டுக்கட்டையினுடையது. கண்டவுடன் கிள்ளுங்கள். விட்டால் ஓரிரு வருடத்தில் அதுவே மரமாகி, மேலே ஒட்டியதை அமுக்கிவிடும்.

மாரி முடிந்து தை, மாசியில் கன்று ஒரு முறை துளிர்த்து, அந்த இலை கரும்பச்சையாக முற்றியிருக்கும். அப்போது நடுத்தண்டை நிலத்திலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் வெட்ட வேண்டும். வெட்டுக்குக் கீழே சில இலைகளாவது நிற்கட்டும். இந்த வெட்டுக்குத்தான் எல்லோருக்கும் மனம் வராது. ஆனால் முதற்கொப்பு எங்கே பிரிகிறதோ அந்த இடம் மரம் வளர வளர மேலே போவதில்லை. ஆறடியில் பிரியவிட்ட மரத்தைப் பிறகு எட்டடியில் நிறுத்தினால், காய்ப்பதற்கு இரண்டடி கொப்புத்தான் மிஞ்சும்.

ஆடு மாடு கடிக்கும் என்று கன்றை உயர வளர்ப்பது நம்மிடம் பழக்கம். அதற்கு மரத்தை உயர்த்த வேண்டாம். நாலு கம்பு நட்டுக் கம்பி வலையோ மட்டையோ சுற்றிக் கட்டினால் போதும்.

வெட்டிய இடத்தில் ஐந்தாறு துளிர் வரும். விரல் நீளம் வந்ததும் வெவ்வேறு திசை பார்க்கும் மூன்றை, மிஞ்சிப்போனால் நாலை, வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். அவை ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று அங்குலம் மேல்கீழாகப் பிரிவது நல்லது. ஒரே புள்ளியில் பிரிந்தால் காய்ப்பாரத்தில் அந்தக் கவடு பிளக்கும். தண்டோடு ஒட்டி நிமிர்ந்து வரும் கொப்பைக் கயிற்றால் மெதுவாக இழுத்து ஆப்பில் கட்டுங்கள். பட்டையில் கயிறு வெட்டாதபடி பழஞ்சீலைத் துண்டைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கொப்பும் ஒன்றரை அடி நீண்டு இலை முற்றியதும் மறுபடி நுனியை வெட்ட வேண்டும். மூன்று கொப்பு ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழு அளவுக்குப் போகும். இரண்டு வருடத்தில் இந்தக் கட்டமைப்பு முடிந்துவிடும். அதுவரை வரும் பூவைக் கிள்ளி எறியுங்கள். பிஞ்சு பிடிக்கவிட்டால் கொப்பு தடிப்பதில்லை.

மாங்கொப்பை எந்த இடத்தில் வெட்டுவது

ஒரு மாங்கொப்பைக் கிட்ட இழுத்துப் பாருங்கள். கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை இலைகள் நெருங்கி, பட்டையில் நெருக்கமான வளையங்கள் தெரியும். ஒரு துளிர்ப்பு நின்று அடுத்தது தொடங்கிய இடம் அது. மொட்டுகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்தில் ஏழெட்டுத் துளிர் கொத்தாக எழுந்து, ஒன்றையொன்று நெருக்கி நிமிர்ந்து வளரும். வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் துளிர் குறைவாக, இடம்விட்டு, அகலச் சாய்ந்து வரும். குட்டை மரத்துக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு கட்டை விரல் அகல வித்தியாசம்தான், ஆனால் பிறகு கிள்ளும் வேலையில் பாதி இதனால் குறைகிறது.

விரலை விடத் தடித்த கொப்பைக் கைவாளால்தான் அறுக்க வேண்டும். கத்தியால் கொத்தினால் பட்டை கிழிந்து, அதற்குள் மழைத் தண்ணீர் தங்கி அழுகும். பாரமான கொப்புக்கு மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி அடிப்பக்கம் கால்வாசி, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து முழுதாக, பாரம் இறங்கிய பின் மிஞ்சிய கட்டையைக் கவட்டுப் புடைப்புக்கு (கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் பகுதி) வெளியே. புடைப்பையும் சேர்த்து மட்டமாக அறுத்தால் காயம் மூடாது. நீளக் கட்டை விட்டால் அது காய்ந்து, உள்ளே கறையானுக்கும் மரத்தைக் குடையும் துளைப்பான் பூச்சிக்கும் வழியாகும்.

ஒரு அங்குலத்தை விடப் பெரிய காயங்களுக்குப் போர்டோப் பசை என்ற பூஞ்சணக் காப்புப் பூச்சைப் பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லீற்றரிலும் பிளாஸ்ரிக் வாளிகளில் கரையுங்கள். தகர வாளி அரிக்கும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கிளறிக்கொண்டே ஊற்றி, சுத்தமான இரும்பாணி ஒன்றை அமிழ்த்திப் பாருங்கள். ஆணியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும்.

மாம்பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. நீளக் கைச்சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரியில் ஒட்டிய பாலை மண்ணெண்ணெயால் துடைத்து, நோயுள்ள மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிற்றால் துடைக்க வேண்டும்.

எப்போது வெட்டுவது

மா முற்றிய கொப்பின் நுனியில் பூக்கும். துளிர் முற்றிப் பூவுக்குத் தயாராக நாலைந்து மாதமாவது வேண்டும். திருகோணமலையில் மாங்காய்க் காலம் பெரும்பாலும் மே முதல் யூலை வரை. கடைசிப் பழம் இறங்கி மூன்று கிழமைக்குள், ஆனி அல்லது ஆடியில், வெட்டி முடியுங்கள். ஒரு மாத அளவில் துளிர் எழும். அது முற்றும், அதிலிருந்து இன்னொரு துளிர்ப்பும் வரும். மாரி முடிந்து வெயில் திரும்பும்போது நுனிகள் பூவுக்குத் தயாராக இருக்கும்.

இதே வெட்டை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளினால் மழையில் இளந்துளிர் குபுகுபுவென எழும். தை மாதத்தில் அது இன்னும் பச்சைத் துளிராகவே இருக்கும், பூ வராது, அந்த வருடக் காய் போய்விடும். ஈரத்தில் இளம் இலைக்குக் கருகல் நோயும் எளிதில் பிடிக்கும். “வெட்டினேன், மரம் காய்க்காமல் போய்விட்டது” என்ற குறைகளில் பெரும்பாலானவை இந்தக் காலப் பிழைதான். வெட்டின்மேல் குற்றமில்லை.

ஆனி, ஆடி வறண்ட கச்சான் காற்று வீசும் காலம். வெட்டிய மரத்துக்குக் கிழமைக்கு இரண்டு தரம் பாத்தி நிறையத் தண்ணீர் விடுங்கள். பாத்தியில் சருகு நாலு விரல் தடிப்புக்கு இருக்கட்டும், அடிமரத்தைத் தொடாமல். திடீரென வெயில் படும் கொப்புகளில் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிட்டால் பட்டை வெடிக்காது. பசளையாக ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று வாளி கூட்டெரு போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் வெட்டிய உயரத்தை மரம் சில மாதத்தில் திருப்பி எடுத்துவிடும்.

இன்னொரு கணக்கு: எட்டடியில் மரம் நிற்க வேண்டுமென்றால் ஆறடியில் வெட்ட வேண்டும். அடுத்த பழம் வரைக்கும் அது இரண்டடி வளரும். எட்டடியிலேயே வெட்டுகிறவரின் மரம் ஐந்து வருடத்தில் ஏணிக்குப் போய்விடும். உச்சியைக் குறைக்கும்போது நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒன்றிரண்டு கொப்புகளை அடியோடு எடுத்துவிடுங்கள். மத்தியான வெயில் அடிமரத்தடியில் புள்ளி புள்ளியாக விழும் அளவுக்குத் திறந்தால் சரி. ஒரு தரத்தில் இலைத் திரளின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

மற்ற மரங்கள்

கொய்யா எல்லாவற்றிலும் எளிது. புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் வெட்ட வெட்டக் காய்க்கும். பாதிக் கொப்புகளை இன்றும் மறுபாதியை இரண்டு மாதம் கழித்தும் வெட்டினால் பழம் ஒரேயடியாகக் குவியாது. வெட்ட மனமில்லாதவர்கள் நீண்ட கொப்பை வளைத்து ஆப்பில் கட்டலாம். வளைந்த கொப்பின் மேற்பக்கமெல்லாம் துளிர் எழுந்து பூக்கும்.

அன்னமுன்னா என்ற சீத்தா வகையில் ஒரு நுட்பம் உண்டு. அதன் மொட்டு இலைக் காம்பின் அடிக்குள் ஒளிந்திருக்கிறது. இலை உதிர்ந்தால்தான் மொட்டு வெளியே வரும். நுனியை வெட்டிவிட்டு, வெட்டுக்குக் கீழுள்ள மூன்று நாலு இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். அந்தக் கணுக்களிலிருந்து துளிரும் பூவும் வரும். இலையை விட்டுவைத்தால் கொப்பு வெறுமனே நிற்கும்.

மாதுளையை மூன்று நாலு தண்டோடு புதராக வளர்த்து, அடியிலிருந்து வரும் மற்ற முளைகளை மாதம் ஒருமுறை பிடுங்க வேண்டும். முற்றிய கொப்பின் குறுங்கிளைகளில் அதிகம் காய்ப்பதால் நுனிகளை ஒட்ட வெட்டாதீர்கள். தேசிக்கு வெட்டு குறைவாகவே போதும்: காய்ந்தது, குறுக்கே ஓடுவது, முள்ளோடு நேரே மேலே பாயும் தண்ணீர்க்கொப்பு. பலா அடிமரத்திலும் பெருங்கொப்பிலும் காய்ப்பதால் இளமையில் பத்துப் பன்னிரண்டு அடியில் உச்சியை எடுக்கலாம். தென்னை, பனை, கமுகு இவற்றுக்குக் குருத்து ஒன்றே ஒன்று. அதை வெட்டினால் மரம் சாகும்.

பீப்பாயும் கிணற்றுத் தண்ணீரும்

வேரை அடக்கினாலும் மரம் குறுகும். பாதியாக அறுத்த 200 லீற்றர் பீப்பாயிலோ கிணற்று வளையத்திலோ வைப்பது அந்த முறை. ஆனால் கடற்கரைப் பக்கத்தில் கிணறு உவர்ப்பாக இருந்தால் பீப்பாயில் உப்புத் தேங்கி, மாவிலும் தேசியிலும் இலை நுனியிலிருந்து கருகும். மாதம் ஒரு தரம், தொட்டி அடியால் தாராளமாக வழிந்தோடும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கச்சான் காலத்தில் நாள்தோறும் ஊற்றவும் வேண்டும். நிலம் இருப்பவர்கள் நிலத்திலேயே வைப்பது நல்லது. உவர்த் தண்ணீர்தான் உண்டு என்றால் சப்போட்டாவும் மாதுளையும் மாவை விடத் தாங்கும்.

பெரிய தோட்டங்களில் வளர்ச்சியை அடக்க வேரடியில் ஊற்றும் பக்லோபியூட்ராசோல் மருந்து மண்ணில் நெடுங்காலம் தங்கும். குடிதண்ணீர்க் கிணறு பக்கத்தில் இருக்கும் வளவுக்கு அது வேண்டாம்.

ஏற்கெனவே உயர்ந்துவிட்ட மரம்

நாற்பதடி மாமரத்தை ஒரே நாளில் பத்தடியாக்கலாம். ஆனால் பட்டை வெயிலில் வெந்து, துளைப்பான் ஏறி, இரண்டு மூன்று வருடம் காயில்லாமல் போகும். சில மரங்கள் மீளுவதுமில்லை. மூன்று வருடமாகப் பிரித்துச் செய்யுங்கள். முதல் வருடம் பழம் முடிந்ததும் நடுவில் மிக உயர்ந்த கொப்பை மட்டும், நல்ல பக்கக் கொப்பு பிரியும் இடம் வரை இறக்குங்கள். அடுத்த இரண்டு வருடமும் மிச்சத்தில் பாதி பாதியாக இறக்கலாம். வெட்டிய இடங்களில் துளிர் புற்றாக எழும். ஒரு அடி வந்ததும், ஒவ்வொரு வெட்டிலும் வெளிப்பக்கம் பார்க்கும் மூன்று நாலை விட்டு மற்றவற்றை எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் முந்தியதை விட அடர்ந்த, காய்க்காத உச்சி ஒன்று மறு வருடமே வந்துவிடும்.

கொப்பு மின்கம்பியைத் தொட்டாலோ, விழுந்தால் கம்பியில் விழும் என்றாலோ வாளை எடுக்காதீர்கள். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் வந்து மின்னைத் துண்டித்த பிறகே அந்தப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும். ஈரமான மூங்கில் தடியும் மின்னைக் கடத்தும்.