எஃப்டிபியில் கோப்பு எடுக்க, யூஸ்நெட்டில் பேச: பழைய சேவைகளை இன்று பயன்படுத்தும் முறை

வெப் பரவுவதற்கு முன்பு இணையத்தில் கோப்பு எடுக்க எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை, கூடிப் பேச யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் வலை. இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஃப்டிபியின் முதல் வரைவை எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் 1971 ஏப்ரலில் வெளியிட்டார். கான்பூர் ஐஐடியில் படித்தவர் அவர். யூஸ்நெட்டை 1979-இல் யோசித்தவர்கள் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ். எழுத்து என்றால் ஆங்கில எழுத்து, அதுவும் 7 பிட் என்றிருந்த காலம் அது. இன்று இவற்றைத் தொடுபவர்கள் படும் சிரமத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது: எழுத்துக்கு ஒரு வழி, மற்றக் கோப்புக்கு ஒரு வழி. எது எந்த வழியில் போகிறது என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைகளின் பெயரை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும்.

கோப்பு எடுத்தல்

பிரவுசரில் எஃப்டிபி முகவரியைக் கொடுத்துப் பயனில்லை. 2021-இல் ஃபயர்ஃபாக்ஸ் 90-ஆம் பதிப்பும் குரோம் 95-ஆம் பதிப்பும் அந்த வசதியை எடுத்துவிட்டன. விண்டோஸோடு வரும் எஃப்டிபி கட்டளை இருக்கிறதே என்று அதையும் நம்ப வேண்டாம், காரணம் கீழே. ஃபைல்ஜில்லா என்ற நிரலோ, லினக்ஸில் எல்எஃப்டிபி என்ற நிரலோ, சாதாரண எஃப்டிபி கட்டளையோ போதும்.

பழக, கட்டற்ற மென்பொருள் உருவாக்கும் க்னு திட்டத்தின் சர்வர் (எஃப்டிபி.க்னு.ஆர்க்) நல்லது. இணைந்ததும் 220 என்ற எண்ணோடு வரவேற்பு வரும். பயனர் பெயர் "அனானிமஸ்". கடவுச்சொல் கேட்டால் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது மரபு, யாரும் சரிபார்ப்பதில்லை. 230 வந்தால் உள்ளே போய்விட்டீர்கள். 530 என்றால் அந்த சர்வர் அனானிமஸை ஏற்கவில்லை. 421 பெரும்பாலும் கூட்டம் அதிகம், அல்லது நீங்கள் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டீர்கள்.

"சிடி" கட்டளையால் க்னு அடைவுக்குள் (ஃபோல்டர்) ஹலோ அடைவுக்குப் போங்கள். "எல்எஸ்" கொடுத்தால் பட்டியல் வரும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு; ஓர் எழுத்து தப்பினாலும் 550 என்று சொல்லிவிடும். எடுப்பதற்கு முன் "பைனரி" என்று ஒருமுறை தட்டுங்கள். பிறகு "கெட்", கோப்பின் பெயர். 226 வந்தால் பரிமாற்றம் முடிந்தது. "பை" என்று வெளியேறலாம்.

அந்த "பைனரி" ஏன்? எஃப்டிபி நெறிமுறையின் இயல்பு நிலை ஆஸ்கி, அதாவது எழுத்து முறை. யூனிக்ஸில் வரி முடிவுக்கு ஒரு பைட் (10), விண்டோஸில் இரண்டு பைட் (13, 10). எழுத்து முறையில் போகும் கோப்பில் இந்த வரி முடிவுகளை எஃப்டிபி மாற்றிக்கொடுக்கும். கட்டுரை என்றால் நல்லது. சுருக்கிய தொகுப்பிலோ 10 என்ற பைட் வரி முடிவே இல்லை, தற்செயலாக அங்கே இருக்கும் ஓர் எண். சராசரியாக 256 பைட்டுக்கு ஒன்று வரும். அந்த ஹலோ அடைவில் இருக்கும் ஹலோ 2.10 சுருக்கிய தொகுப்பின் சரியான அளவு 7,25,946 பைட். யூனிக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸுக்கு எழுத்து முறையில் இறக்கினால் ஏறக்குறைய 2,800 பைட் கூடி வரும், திறக்காது. அளவு வித்தியாசம் 0.4 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் நோய். கெட்டுப்போன கோப்பைத் திருத்தவும் முயல வேண்டாம்: முதலிலேயே இருந்த 13, 10 எது, புதிதாகச் சேர்ந்தது எது என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. மறுபடி இறக்குவதே வழி.

இந்தக் கேடு எவ்வளவு சகஜம் என்பதற்குப் பிஎன்ஜி படக்கோப்பே சாட்சி. அதன் முதல் எட்டு பைட்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. முதல் பைட் 127-க்கு மேல் இருப்பது, எட்டாவது பிட்டை வெட்டும் வழியில் போனால் காட்டிக்கொடுக்க. 13, 10 இருப்பதும் கடைசியில் தனியே 10 இருப்பதும், வரி முடிவை யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்க. படத்தைத் திறக்கும் நிரல் முதல் எட்டு பைட்டிலேயே கண்டுபிடித்துவிடும்.

அடுத்த பெரிய தொல்லை: உள்ளே நுழைய முடிகிறது, "எல்எஸ்" கொடுத்தால் மட்டும் உறைந்து நிற்கிறது, கடைசியில் 425. எஃப்டிபி இரண்டு இணைப்புகளில் வேலை செய்யும். கட்டளைகள் 21-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியில் ஒரு சேவைக்குரிய எண்ணிட்ட வாசல்). பட்டியலும் கோப்பும் தனி இணைப்பில். ஆக்டிவ் முறையில் இந்த இரண்டாவது இணைப்பை சர்வர்தான் உங்கள் கணினியை நோக்கித் திறக்கும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை அது எப்படி எட்டும்? பாஸிவ் முறைக்கு மாற்றுங்கள், இரண்டையும் நீங்களே திறப்பீர்கள். லினக்ஸ் கட்டளையில் "பாஸிவ்" என்று தட்டினால் மாறும். விண்டோஸ் கட்டளைக்கு இது வராது, ஆகவேதான் வேண்டாம் என்றது.

பாஸிவ் முறையில் 227 என்ற பதிலோடு ஆறு எண்கள் வரும். முதல் நான்கு ஐபி முகவரி. கடைசி இரண்டு போர்ட். ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டுங்கள்: 195, 80 என்றால் 50000. இணைப்பு நின்றால் ஃபயர்வாலில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். முதல் நான்கு எண்கள் 192.168 என்று தொடங்கினால் தவறு உங்களுடையதல்ல, சர்வர் தன் உள்முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பல கோப்புகளுக்கு "எம்கெட்". ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்காமல் இருக்க முன்பே "ப்ராம்ப்ட்". பாதியில் அறுந்தால் "ரீகெட்". "இன்கமிங்" என்ற அடைவில் கோப்பு போடலாம். ஆனால் பல சர்வர்களில் அதைப் பட்டியலிட முடியாது. போட்டது காணவில்லை என்று இரண்டாம் முறை போடாதீர்கள்.

எஃப்டிபியில் எதுவும் மறைகுறியாக்கப்படுவதில்லை, கடவுச்சொல் உட்பட. அனானிமஸுக்குக் கவலை இல்லை. சொந்தக் கணக்கென்றால் 22-ஆம் போர்ட்டில் ஓடும் எஸ்எஃப்டிபி. பெயர்தான் ஒத்திருக்கிறது, அது முழுக்க வேறு நெறிமுறை.

யூஸ்நெட்டில் சேர்தல்

யூஸ்நெட்டுக்கு மையம் கிடையாது. ஒரு சர்வரில் எழுதியது பக்கத்து சர்வருக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. ஒவ்வொரு மடலுக்கும் உலகத்திலேயே ஒன்றுதான் என்ற அடையாள எண் இருப்பதால் ஒரே மடல் இரண்டு முறை தங்காது. போட்டதை அழிப்பது கடினம் என்பதும் இதனால்தான்: ரத்து மடல் அனுப்பலாம், பெரும்பாலான சர்வர்கள் அதை மதிப்பதில்லை.

கூகுள் குழுமம் வழியாக நுழையும் வாசல் 2024 பிப்ரவரி 22-உடன் மூடப்பட்டது. பழைய மடல்களைத் தேடிப் படிக்க மட்டும் அது உதவும். இப்போது எழுத, இட்டர்னல் செப்டம்பர் என்ற இலவச சர்வரில் பதிவு செய்யலாம். எழுத்துக் குழுக்கள் மட்டும். பெயர்க் காரணம் 1993 செப்டம்பர்: அதுவரை புதியவர்கள் ஆண்டுக்கொருமுறை, கல்லூரி திறக்கும்போது வந்தார்கள்; அதன் பிறகு ஏஓஎல் போன்ற வணிக இணையச் சேவைகளின் சந்தாதாரர்கள் வரத் தொடங்கி, வரவு நிற்கவே இல்லை.

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் நியூஸ்குரூப் (யூஸ்நெட் குழு) கணக்கைச் சேர்த்து, சர்வர் பெயர், 563 போர்ட், மறைகுறியாக்கம் ஆன், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுங்கள். 119 பழைய திறந்த போர்ட். 480 வந்தால் கடவுச்சொல்லைக் கேட்கிறது. "எப்போதும் உள்நுழைவு கேள்" என்ற அமைப்பை ஆன் செய்தால் போகும். 411 என்றால் அப்படி ஒரு குழு அந்த சர்வரில் இல்லை. குழுவில் முதன்முறை நுழையும்போது எத்தனை தலைப்பு இறக்கட்டும் என்று கேட்கும், 500 போதும். சுறுசுறுப்பான குழுவா என்று கடைசி இருபது மடல்களின் தேதியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சி நிரல்மொழி பற்றிய காம்ப்.லேங்.சி போன்ற சில இன்றும் உயிரோடு இருக்கின்றன. நிறையக் குழுக்களில் ஆளில்லாத வீடுதான்.

முதல் மடலை, சோதனைக்கென்றே இருக்கும் குழுவில் போடுங்கள். எச்டிஎம்எல் வேண்டாம், வெறும் எழுத்து. வரிக்கு 72 எழுத்து. பதில் எழுதும்போது முந்தைய மடலில் தேவையான வரிகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் பதில். கையொப்பத்துக்கு முன் இரண்டு கோடு, ஓர் இடைவெளி, வரி முடிவு. அந்த இடைவெளி விட்டுப்போனால் பிறர் பதில் எழுதும்போது கையொப்பம் தானாக உதிராது. கையொப்பம் நான்கு வரிக்குள். ஒரே கேள்வியை மூன்று குழுவில் கேட்க வேண்டுமென்றால் மூன்று தனி மடல் போடாமல் மூன்று பெயரையும் ஒரே மடலில் எழுதி, பதில்கள் எந்தக் குழுவுக்கு வரவேண்டும் என்று ஃபாலோஅப் தலைப்பில் குறிப்பிடுங்கள். 441 என்றால் சர்வர் மடலை மறுத்துவிட்டது. கூடவே வரும் வரியில் காரணம் இருக்கும்.

பழைய மடல்களில் கிடக்கும் கோப்புகள்

1980, 90-களின் சேமிப்புகளைத் தோண்டும்போது "பிகின் 644" என்று தொடங்கி, எம் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கும் வரிகள் பக்கம் பக்கமாக வரும். அது யூயூஎன்கோட். எழுத்து மட்டும் போகும் வழியில் கோப்பை அனுப்பும் உபாயம். மூன்று பைட்டை ஆறு பிட் கொண்ட நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றோடும் 32 கூட்டினால் அச்சாகும் எழுத்து கிடைக்கும். முழு வரி ஒன்றில் 45 பைட். 45-உடன் 32 கூட்டினால் 77, அது எம். ஒரு லட்சம் பைட் கோப்பு இப்படி எழுதினால் சுமார் 1,38,000 பைட் ஆகும். 64 கிலோபைட்டுக்கு மேல் விழுங்காத மென்பொருள்கள் வழியில் இருந்ததால் பாகம் பாகமாக வெட்டிப் போட்டார்கள்: 1/7, 2/7 என்று.

சேர்க்கும்போது தலைப்பில் உள்ள பாக எண்ணைப் பாருங்கள், தேதியை நம்பாதீர்கள். மடல்கள் வரிசை மாறித்தான் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பாகத்திலும் தலைப்பு வரிகள், "இங்கே வெட்டவும்" கோடு, கையொப்பம் எல்லாவற்றையும் நீக்கி, ஒரே கோப்பாக்கி, யூயூடிகோட் கட்டளைக்குக் கொடுங்கள். யூயூடிவியூ என்ற நிரல் இந்த வேலைகளைத் தானே செய்யும். முடியவில்லை என்றால் எம்-இல் தொடங்கும் வரிகளின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொன்றும் சரியாக 61 எழுத்து. குறைந்தால் வழியில் ஏதோ ஒரு மென்பொருள் வரியின் கடைசி இடைவெளிகளைத் துடைத்திருக்கிறது. பழைய குறியாக்கத்தில் பூஜ்யம் என்பது இடைவெளி. 61 வரும்வரை இடைவெளி சேர்த்தால் கோப்பு பிழைக்கும். கடைசித் தரவு வரி இரண்டு புள்ளியில் தொடங்கினால் ஒன்றை நீக்குங்கள். செய்தி நெறிமுறையில் தனிப்புள்ளி மடலின் முடிவு. அதனால் புள்ளியில் தொடங்கும் வரிக்கு இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்புவார்கள், பெறுபவர் அதை எடுக்க வேண்டும். கடைசி வரியில் 14 பைட் மட்டும் மிஞ்சினால் அது புள்ளியில்தான் தொடங்கும்.

2001-இல் வந்த ஒய்என்க் என்ற குறியாக்கம் இதை மாற்றியது. எட்டு பிட்டையும் அப்படியே அனுப்பி, நான்கைந்து குறிகளை மட்டும் வேறு வடிவில் மாற்றி அனுப்புவதால் பருமன் ஓரிரு சதவீதமே கூடும். சரிபார்ப்பு எண்ணும் கூடவே வரும்.

தமிழில் எழுதினால்

சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவின் 1990-களின் மடல்களில் தமிழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். 7 பிட் வழியில் வேறென்ன செய்வது? இன்று யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தமிழிலேயே எழுதலாம், ஒரு கவனத்தோடு. மடலின் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அம்மா என்பதற்கே அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறி, 15 பைட். என்டர் தட்டாமல் நீட்டி எழுதிய பத்தி 332 குறிகளில் எல்லையைத் தொட்டுவிடும், பிறகு சர்வர் மறுக்கலாம் அல்லது எழுத்தின் நடுவில் வெட்டுப்படலாம். வரியை 60, 70 குறிகளில் மடித்து எழுதுங்கள். கோட்டட் பிரிண்டபிள் என்ற குறியாக்கத்தை உங்கள் மடல் நிரல் தேர்ந்தெடுத்தால் அதே அம்மா 45 எழுத்தாக ஊதிவிடும். அதை அவிழ்க்கத் தெரியாத பழைய நியூஸ்ரீடரில் (யூஸ்நெட் படிக்கும் நிரல்) சமக்குறிகளின் குவியலாகத் தெரியும். அமைப்பில் 8 பிட் அப்படியே அனுப்பு என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். சோதனைக் குழுவில் போட்ட மடலை மூல வடிவில் திறந்து, கேரக்டர் செட் வரியில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிஜக் குழுவுக்குப் போங்கள்.