ஆங்கிலச் சிறுகதையைக் கேள்வி கேட்டு வாசிக்கப் பழகுவது எப்படி?

ஓர் ஆங்கிலச் சிறுகதையைப் படித்து முடிக்கிறோம். கதை என்ன என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுகிறோம். "சரி, அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தால் பதில் வருவதில்லை. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்து, இந்த இடத்தில் தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பலன் தந்த முறை இது.

முதலில் கதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே அமர்வில் படித்து, அன்றைக்கே இன்னொரு முறையும் படிக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். சாகி எழுதிய 'தி ஓப்பன் விண்டோ', எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட 'தி டெல்-டேல் ஹார்ட்', இந்த இரண்டும் போதும். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்களுக்காக எளிமைப்படுத்திய பதிப்புகளை எடுக்காதீர்கள். நாம் கேள்வி கேட்க வேண்டிய வாக்கியங்களைத்தான் அவற்றில் முதலில் வெட்டியிருப்பார்கள்.

காகிதத்தில் அச்செடுத்து, ஓரத்தில் நிறைய இடம் விட்டு, பென்சிலோடு உட்காருங்கள். ஹைலைட்டர் எனக்குப் பிடிக்காது. இந்த வரி முக்கியம் என்று மட்டும் அது சொல்லும், ஏன் முக்கியம் என்று எழுத இடம் தராது. அகராதி ஆங்கிலம்–ஆங்கிலமாக இருந்தால் நல்லது. பத்தி பத்தியாக மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கவே வேண்டாம். இரண்டு விதமாகப் பொருள்படும் வாக்கியத்துக்குச் செயலி ஒரு பொருளைத் தானே முடிவு செய்து கையில் கொடுத்துவிடும். நாம் பழக நினைப்பதே அந்த முடிவை எடுக்கும் வேலையைத்தான். கதைச் சுருக்கத்தை முதலில் படிப்பதிலும் இதே கேடு இருக்கிறது.

முதல் வாசிப்பில் எங்கும் நிற்காதீர்கள். தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். முடித்த பிறகு, எந்தச் சொல் தெரியாததால் கதை புரியாமல் போனதோ அதை மட்டும் அகராதியில் பாருங்கள். மற்றவை பிறகு தானாக வரும்.

அடுத்து வருவதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'கதையில் இருப்பது', வலப்பக்கம் 'நான் சேர்த்தது'. கதையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததாக நினைக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, அது எந்தப் பக்கம் போகும் என்று கதையைத் திறந்து சரிபாருங்கள். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் வலப்பக்கம் நிறைவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

போவின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் இருக்கும் கிழவரைக் கொன்றதைக் கொலையாளியே சொல்கிறான். அவன் கிழவருக்கு யார்? மகன் என்பார் ஒருவர், வேலைக்காரன் என்பார் இன்னொருவர். கதையில் அப்படி ஒரு வரியும் இல்லை. இரண்டுமே வலப்பக்கம். எதற்காகக் கொன்றான்? கிழவரின் கண்ணுக்காக என்று உடனே சொல்வோம். அந்தப் பத்தியை மெதுவாகப் பாருங்கள். நோக்கம் எதுவும் இல்லை என்கிறான், கிழவரை நேசித்தேன் என்கிறான், அவருடைய பணத்துக்கு ஆசைப்படவில்லை என்கிறான். அதன் பிறகுதான், அந்தக் கண்ணாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆமாம், அதுதான் என்கிறான். 'நினைக்கிறேன்' என்பதிலிருந்து 'அதுதான்' என்பதற்கு ஒரே தாவல். காரணம் அவனிடம் முன்பே இருந்ததா, பேசப் பேச உருவாகிறதா? ஆகவே 'கண்ணுக்காகக் கொன்றான்' என்பதை இடப்பக்கம் எழுத முடியாது. 'கண்ணுக்காக என்று அவன் சொல்கிறான்' என்பதைத்தான் எழுதலாம். இந்த வித்தியாசம் கைவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான்.

கதைசொல்லியிடம் கேட்க எனக்குப் பிடித்த கேள்விகள்: இது இவருக்கு எப்படித் தெரியும்? யாரிடம் சொல்கிறார்? கேட்பவர் நம்பினால் இவருக்கு என்ன லாபம்? போவின் ஆள் தான் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்கவே பேசுகிறான். அதற்கு அவன் தரும் சான்று, கொலையை எவ்வளவு நிதானமாகச் செய்தான் என்பது! கிழவரின் நெஞ்சுத் துடிப்பு கேட்டதாகச் சொல்வதையும் இந்தக் கேள்விகளோடு படித்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது வாசிப்பு. இதற்குச் சாகியின் கதை அருமையானது. (முடிவு தெரியக் கூடாது என்றால் கதையைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள்.) ஃபிராம்டன் நட்டல் என்பவர் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு வருகிறார். பதினைந்து வயது வீரா அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இந்த வட்டாரத்தில் நிறையப் பேரைத் தெரியுமா என்று கேட்கிறாள். பிறகு, அப்படியானால் என் அத்தையைப் பற்றி உங்களுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது, இல்லையா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறாள். முதல் முறை படிக்கும்போது இவை வெறும் உபசாரப் பேச்சு. முடிவு தெரிந்து படிக்கும்போதோ, தான் கட்டப்போகும் கதையை இவர் கண்டுபிடித்துவிடுவாரா என்று அவள் ஆழம் பார்ப்பது தெரியும். இப்படி நிறம் மாறும் வரிகளை மட்டும் ஓரத்தில் குறியுங்கள்.

கடைசியாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கருத்து மங்கலாகவே இருக்கும். ஒரு வாக்கியத்தில் உங்கள் கருத்து, அதற்கு ஆதரவாகக் கதையிலிருந்து இரண்டு வரிகள், எதிராக ஒரு வரி. எதிர் வரியைத் தேடுவதுதான் சிரமம். கிடைக்கவே இல்லையென்றால் பெரும்பாலும் கருத்து மிகச் சாதாரணமாக இருக்கும், அல்லது நாம் சரியாகத் தேடியிருக்க மாட்டோம்.

பிற்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

"வலப்பக்கம் எழுதுவதெல்லாம் தப்பா?" இல்லவே இல்லை. ஊகிக்காமல் எந்தக் கதையையும் படிக்க முடியாது. ஊகத்துக்கு அடிப்படையான வரியைக் காட்ட முடிந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அடித்துவிடுங்கள். இதை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

"ஆசிரியர் இவ்வளவு யோசித்தா எழுதியிருப்பார்?" அந்த வாதத்தில் இறங்காதீர்கள். அவர் மனதைத் திறந்து பார்க்க வழியில்லை, வரிகள் கண்முன் இருக்கின்றன.

"'நான்' என்று சொல்லாத கதையில் யாரைச் சந்தேகிப்பது?" நல்ல கேள்வி. இதற்குக் கேட் சோப்பின் என்ற எழுத்தாளர் 1894இல் வெளியிட்ட 'தி ஸ்டோரி ஆஃப் ஆன் ஹவர்' கதையைப் படியுங்கள். ஆயிரம் சொல்லை ஒட்டிய கதை. கணவன் இறந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் லூயிஸ் அறைக்குள் தனியாகப் போகிறாள். அங்கே அவளுக்கு என்ன தோன்றுகிறது என்பதை இடப்பக்கம் எழுதுங்கள். கடைசி வாக்கியத்தில் அவள் எதனால் இறந்தாள் என்று மருத்துவர்கள் சொல்வதைத் தனியாக எழுதுங்கள். அறைக்குள் நடந்தது அந்த மருத்துவர்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள்.