கார்ட்டூன் வரைபவர் கைவசம் வைத்திருக்க வேண்டியவை

படத்தைப் பதிவேற்றுவதற்கு முன் ஒரு முறை புகார் எழுதப்போகிறவரின் கண்ணால் பாருங்கள். கேலியின் காரத்தை அவர் அளக்கப்போவதில்லை; எந்தக் கோட்டில் எந்தச் சட்டப்பிரிவைத் தொங்கவிடலாம் என்றுதான் தேடுவார்.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைக் கண்டித்து கார்ட்டூனிஸ்ட் பாலா வரைந்த படத்தில் முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரும் ஆடையின்றி, பணக்கட்டால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அவதூறுப் பிரிவோடு, ஆபாசத்துக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 67-உம் சேர்ந்துகொண்டது. வித்தியாசம் இதுதான்: அவதூறுக்கு (இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356) மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. 67-க்கு முடியும். அதற்காக எல்லாருக்கும் வேட்டி கட்டிவிட வேண்டியதில்லை. அந்தக் கோட்டின் விலை தெரிந்து போடுங்கள். தெய்வ உருவம், மதச் சின்னம் வந்தால் அதே சன்ஹிதாவின் 196 (பிரிவினரிடையே பகை மூட்டுவது), 299 (மத உணர்வைப் புண்படுத்துவது) வரும். இரண்டிலும் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத்தான் கொடுக்கும். அசோகச் சிங்கங்களை ஓநாய்களாக்கிய அசீம் திரிவேதி மீது 2012-இல் தேசத்துரோகப் பிரிவே பாய்ந்தது.

வெளியிட்ட அன்றே மூன்றைச் சேமியுங்கள்: பென்சில் வரைவு அல்லது அடுக்குகளோடு உள்ள மூலக் கோப்பு, தேதியும் இணைப்பு முகவரியும் தெரியும் திரைப்பிடிப்பு, படத்துக்கு அடிப்படையான செய்தி. வசனத்தை மாற்றி யாரோ சுற்றுக்கு விட்ட படத்துக்கு நீங்கள் பதில் சொல்ல நேர்ந்தால் இவைதான் சாட்சி. ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வழக்கு வந்த பிறகு பயத்தில் எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை மறைத்ததாக இன்னொரு பிரிவு சேரும்.

வக்கீல் ஒருவர் போதாது. பாலாவைச் சென்னையில் பிடித்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். படத்தில் இருக்கும் அதிகாரி எந்த ஊரோ, அந்த ஊரிலும் ஒரு வக்கீலின் எண் வேண்டும். கையெழுத்திட்ட வக்காலத்துப் படிவம் முன்கூட்டியே அவரிடம் இருந்தால், உங்களைப் பார்க்க விடாமல் இழுத்தடித்தாலும் ஜாமீன் மனு தாமதமாகாது. ஜாமீன்தாரர் இருவரிடம் இப்போதே பேசிவையுங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, புகைப்படம். ஜாமீன் கிடைத்தும் இந்தத் தாள்கள் இல்லாமல் இன்னொரு இரவு உள்ளே கழிப்பவர்கள் உண்டு.

போலீஸ் வாசலில் நின்றால் முதலில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றமானால், குற்றவியல் நடைமுறைக்கான இன்றைய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)-இன்படி ஆஜராகும்படி அறிவிப்பு கொடுப்பதே பொது நடைமுறை. அறிவிப்பு வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் கைதுக்குக் காரணத்தை நீங்களே கொடுத்தவராவீர்கள். கைதுதான் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வீட்டாருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போனையோ வரைபலகையையோ எடுத்தால் அதே சட்டத்தின் பிரிவு 105-இன்படி அதை வீடியோவில் பதிவு செய்தாக வேண்டும். கைப்பற்றல் பட்டியலில் கருவியின் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடவுச்சொல் கேட்டால், வக்கீல் வரட்டும் என்பதே பதில்.

வக்கீலுக்கு ஒரு குறிப்பு: மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள பேச்சு, எழுத்து வழக்குகளில், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3)-இன்படி பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் சொல்லியிருக்கிறது. அந்தப் பூர்வாங்க விசாரணை நடக்கவில்லை என்றால், வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவில் முதல் வாதமாக அதை வையுங்கள்.

சொந்தத் தளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. 2025 பிப்ரவரியில் விகடன் தளம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69A-இன்கீழ் முடக்கப்பட்டது ஒரே ஒரு அட்டைப்பட கார்ட்டூனுக்காக. மோடி கைவிலங்கோடு டிரம்ப் அருகில் உட்கார்ந்திருக்கும் படம் அது. மார்ச் 6-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு மற்றதைத் திறக்கச் சொன்னது. ஆகவே ஒவ்வொரு கார்ட்டூனுக்கும் தனிப்பக்கம், தனி முகவரி வையுங்கள். பத்துப் படங்களை ஒரே பக்கத்தில் கொட்டி வைத்தால், ஒன்றுக்காகப் பத்தையும் இறக்க வேண்டிவரும்.