இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து களமிறங்குபவர் கவனிக்க வேண்டியவை

கூடைப்பந்தில் ஓர் அணிக்குப் 12 பேர் என்றாலும் களத்தில் நிற்பவர்கள் ஐவர்தான். ஆகவே கல்லூரி அணியில் இடம் பிடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆட்டம் தொடங்கும்போது பெஞ்சில்தான் இருப்பார்கள். வேலூரில் நான் படித்த மூன்று ஆண்டுகளிலும் எனக்கு வாய்த்த இடம் அதுதான். இப்போது காட்பாடியில் மாலை நேரத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ‘பெஞ்சைத் தேய்க்கிறவன்’ என்று விடுதியில் யாராவது சொல்லக் கேட்டு மனம் சுருங்கி வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்: இறுதி ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஏழெட்டு நிமிடங்கள் என்றால், அவற்றுக்கான வேலையில் பெரும்பகுதியை உட்கார்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 2015ஆம் ஆண்டு என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான சாம்பியன் பட்டப் போட்டி) இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் விஸ்கான்சின் அணி 48-39 என்று முன்னிலையில் இருந்தபோது, டியூக் அணியின் பெஞ்சிலிருந்து வந்த முதலாமாண்டு மாணவர் கிரேசன் ஆலன் தன் அணிக்காகத் தொடர்ச்சியாக எட்டுப் புள்ளிகள் எடுத்தார். மொத்தம் 16 புள்ளிகளோடு அவர் முடித்த அந்த ஆட்டத்தை டியூக் 68-63 என வென்றது. 2018இல் மிச்சிகன் அணிக்கு எதிராக வில்லனோவாவின் டான்டே டிவின்சென்சோ பெஞ்சிலிருந்து இறங்கி 31 புள்ளிகள் குவித்தார், இரண்டு ஷாட்டுகளைப் பிளாக் செய்தார். 79-62 என்று கோப்பை அவருடைய அணிக்கே சென்றது.

இவர்கள் திறமைசாலிகள் என்பது உண்மைதான். ஆனால் திறமையோடு வேறொன்றும் சேர்ந்து வேலை செய்கிறது என்பது என் கருத்து. எதிரணியின் கோச் உங்கள் அணியின் முதல் ஐவரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றுதான் பெரும்பாலும் திட்டமிட்டு வந்திருப்பார். உங்களைப் பற்றி அவரிடம் குறிப்பு எதுவும் இருக்காது. களத்தில் இருப்பவர்களின் கால்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில் உங்கள் கால்கள் புதிதாக இருக்கும். எல்லாவற்றையும் விட, அவர்கள் ஓடிக்கொண்டே பார்த்ததை நீங்கள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அந்தப் பார்வைக்குப் பயிற்சி தேவை. பந்து போகும் திசையிலெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தால் நீங்களும் ஒரு பார்வையாளர்தான். நீங்கள் இறங்கினால் யாரைத் தடுக்க வேண்டியிருக்கும் என்பதை முதலில் கோச்சிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, முதல் குவார்ட்டரின் 10 நிமிடமும், பந்து அவரிடம் இல்லாத நேரத்திலும்கூட, அந்த ஒருவரையே பாருங்கள். எந்தக் கைப்பக்கம் டிரிபிள் செய்யும்போது (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகரும்போது) வேகம் கூடுகிறது, வழி அடைபட்டால் திரும்பிச் சுழல்கிறாரா அல்லது நின்று பாஸ் தேடுகிறாரா, தடுப்பாட்டத்துக்குத் திரும்பும்போது ஓடுகிறாரா நடக்கிறாரா என்று கவனியுங்கள். என் கடைசி ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிரணியின் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்), இடது மூலைக்குப் பாஸ் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் பந்தை வலது தோளுக்கு மேலே ஒரு கணம் தூக்கினார். அதை இரண்டாம் குவார்ட்டரில் கவனித்தேன். நான்கு முறை எண்ணி உறுதி செய்துகொண்டேன். மூன்றாம் குவார்ட்டரில் நான் இறங்கியபோது, பந்து அந்தத் தோளுக்கு ஏறியதும் அவரை விட்டு இரண்டடி அவருடைய இடப்பக்கமாக நகர்ந்து கையை நீட்டினேன். பந்து என் உள்ளங்கையில் வந்து மோதியது. அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் அப்படியே நடந்தது. அந்த ஆட்டத்தில் நான் எடுத்தது நான்கே புள்ளிகள். அந்த இரண்டு பந்துகளுக்குப் பிறகு அவர்கள் இடது மூலையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று நான் கை தட்டி, கத்தி, மனதார ஆட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தேனே தவிர, ஸ்கோர் மேசையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. திடீரென்று கோச் அழைத்ததும் இறங்கி, வந்த வேகத்தில் ஒருவரின் கையைத் தட்டிவிட்டேன். அந்தக் குவார்ட்டரில் எங்கள் அணிக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல்கள் (விதிமீறல்கள்) ஆகியிருந்ததால், மைதானத்தின் நடுவில் எந்தத் தேவையும் இல்லாமல் நான் செய்த அந்த ஐந்தாவது ஃபவுலுக்கு எதிரணிக்கு, யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. இரண்டும் விழுந்தன, நாங்கள் தோற்றது ஒரு புள்ளியில். அன்றிலிருந்து, எழுந்து நிற்பதற்கு முன் அணியின் ஃபவுல் எண்ணிக்கை, மீதமுள்ள டைம் அவுட்டுகள், நேரம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் நான் இறங்கியதில்லை. என் மாணவர்களையும் இறங்க விடுவதில்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊரில் பல ஆட்டங்கள் திறந்தவெளி சிமென்ட் தரையில்தான் நடக்கின்றன. வேலூர் வெயில் குடித்த தரை, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். வெளியே இவ்வளவு சூடு இருக்கும்போது தசை தானாகவே தயாராக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் எந்த வெயிலிலும் தொடைத் தசை இறுகிவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெஞ்சுக்குப் பின்னால் எழுந்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், இடுப்பைத் திருப்புங்கள். பாதி ஆட்டத்தின் 15 நிமிட இடைவேளையில் கோச் பேசி முடித்ததும் முதல் ஐவர் ஓய்வெடுப்பார்கள். நீங்கள் பந்தை எடுத்துக்கொண்டு கூடைக்குப் போய், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இடங்களிலிருந்து மட்டும் ஷூட் செய்து பழகுங்கள். காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி என்று ஒரே நாளில் வைக்கும் போட்டிகளில் மதியச் சாப்பாடு முக்கியம். யாராவது ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தால் அதை இரவுக்கு எடுத்து வையுங்கள். நான்கு இட்லியோ கொஞ்சம் தயிர் சாதமோ போதும். இடையிடையே உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

களத்துக்குள் நுழையும் முறையைப் பலர் சரியாக அறிவதில்லை. சர்வதேச விதிகளின்படி மாற்றம் கேட்கும் உரிமை மாற்று ஆட்டக்காரருக்கு மட்டுமே உண்டு. கோச் கத்தினால் போதாது, நீங்களே ஸ்கோர் மேசைக்குப் போய்க் கேட்டு, அங்குள்ள நாற்காலியில் காத்திருக்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரமும் நின்றிருக்கும்போதுதான் நடுவர் உங்களை உள்ளே அழைப்பார். நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடங்களைத் தவிர, கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை என்பதால், அந்த நாற்காலியில் சில நேரம் இரண்டு மூன்று நிமிடம்கூடக் காத்திருக்க நேரும். ட்ராக் பேன்ட்டைக் கழற்றி, ஷூ நாடாவை இறுக்கி, ஜெர்சியை உள்ளே செருகிய பிறகே மேசைக்குச் செல்லுங்கள். வெளியே வருபவர் யாரைத் தடுத்துக்கொண்டிருந்தார், ஆடுவது இடம் பிரித்துக் காக்கும் ‘ஜோன்’ முறையா, ஆளுக்கு ஆள் தடுக்கும் ‘மேன் டு மேன்’ முறையா என்பதை அவரைக் கடக்கும் நொடியில் கேட்டுவிடுங்கள்.

இறங்கிய முதல் இரண்டு நிமிடங்கள்தான் மிகக் கடினமானவை, மூச்சு ஏறும், கை நடுங்கும். அந்த நேரத்தில் புள்ளி எடுத்துக் காட்ட வேண்டும் என்று பறக்காதீர்கள். முதல் வேலை தடுப்பாட்டம். அதில் கால் ஓடத் தொடங்கினால் மூச்சு தானாகச் சீராகும். ஒரு நல்ல ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியில் நின்று சக ஆட்டக்காரருக்கு இடம் ஏற்படுத்துவது), உங்கள் ஆளைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்தி எடுக்கும் ஒரு ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து), எட்டிப் பிடிக்கத் தேவையில்லாத ஒரு நேரான பாஸ் ஆகியவை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத வேலைகள். ஆனால் பழகிய இடத்தில் தனியாக நிற்கும்போது பந்து வந்தால் தயங்காமல் ஷூட் செய்யுங்கள். தயங்கி டிரிபிள் செய்து பந்தைத் திருப்பிக் கொடுத்தால், உங்களைத் தடுக்க வேண்டியவர் உங்களை விட்டுவிட்டு உங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிக்கப் போய்விடுவார். நால்வர் ஐவரை எதிர்த்து ஆடும் நிலை வந்துவிடும்.

உங்கள் கையிலிருக்கும் இன்னொரு செல்வம் ஃபவுல்கள். ஐந்து ஃபவுல் ஆனவர் வெளியேற வேண்டும். எனவே முதல் ஐவரில் நான்கு ஃபவுலோடு ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டுதான் தடுப்பார். உங்கள் கணக்கில் ஒன்றும் இல்லை என்பதால், எதிரணியின் பெரிய ஆட்டக்காரரை நெஞ்சோடு நெஞ்சாக மறிக்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கலாம். அணியின் எண்ணிக்கை நான்கைத் தொட்டுவிட்டதா என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கடைசி இரண்டு நிமிடங்களில் கோச் உங்களைத் தடுப்பாட்டத்துக்கு இறக்கிவிட்டு, அடுத்த முறை பந்து உங்கள் அணிக்கு வரும்போது வெளியே எடுக்கக்கூடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வெளியே வந்ததும் துண்டைத் தேடுவதற்கு முன், உங்களுக்குப் பதிலாக உள்ளே போகிறவரிடம், நீங்கள் தடுத்தவர் இப்போது எந்தக் காலை இழுத்து வைக்கிறார், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்காருங்கள். பிறகு மீண்டும் அந்த ஒருவரையே பார்க்கத் தொடங்குங்கள்.