பல்லாங்குழியில் தொடங்கும் கணக்கு: 4 வயதுக் குழந்தையோடு ஆடுவது எப்படி?

ஒன்றிலிருந்து ஐம்பது வரை மடமடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், "தட்டிலிருந்து ஐந்து முறுக்கு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் கை கொண்ட மட்டும் அள்ளித் தருவார்கள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று கையும் வாயும் சேர்ந்து போகவேண்டும். அதைப் பழக்குவதற்குப் பல்லாங்குழியைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையில் இரண்டு வரிசை வெட்டிக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை 16 போதும். வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் கட்டாயம் கவனம் வேண்டும். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டுவிடுங்கள்.

படி 1: குழிக்கு ஒன்று

முதலில் ஆட்டமே வேண்டாம். நான்கு கொட்டையைக் கையில் கொடுத்து, குழிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். ஒரே குழியில் இரண்டு விழுந்தால் திட்டாமல், விடுபட்ட குழியைக் காட்டி "அந்தக் குழிக்கு ஒன்றும் இல்லையே?" என்று மட்டும் கேளுங்கள்.

படி 2: மொத்தம் எத்தனை?

இங்கேதான் பொறுமை வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று சரியாக எண்ணிய பிள்ளை, "எத்தனை?" என்றதும் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. உளவியலாளர்கள் ரோச்சல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் 1978-இல் வகுத்த ஐந்து எண்ணும் விதிகளில் இதுவும் ஒன்று. நீங்களே எண்ணி, "நான்கு... ஆக, நான்கு கொட்டை" என்று முடியுங்கள். அப்புறம் கொட்டைகளைக் கையால் மூடிக்கொண்டு, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். எண்ணாமலே பதில் வர ஆரம்பித்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: குட்டி ஆட்டம்

ஆளுக்கு நான்கு குழி, குழிக்கு 2 கொட்டை. (3 வைக்காதீர்கள், முதல் கையிலேயே எல்லாம் நான்கு நான்காகச் சேர்ந்து, அதாவது பசுவாகி, ஆட்டம் தீர்ந்துவிடும்.) தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வரிசையாகக் குழிக்கு ஒன்று போடவேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கு அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொண்டு எதிராளிக்கு விடவேண்டும். எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழி யார் பக்கமோ அவருக்கு.

மூன்று கொட்டை உள்ள குழியைக் காட்டி, "பசுவுக்கு இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேளுங்கள். கூட்டல் அங்கே தொடங்கிவிட்டது. வெறும் குழியைத் தொட்டுத் தடவும்போது பூஜ்யமும் விரலுக்குப் புரிகிறது. அள்ளும் முன்பே, "இது எந்தக் குழியில் போய் முடியும்?" என்று ஊகிக்க விடுங்கள்.

படி 4: யாருக்கு அதிகம்?

இருவர் கொட்டைகளையும் எதிரெதிரே ஜோடி ஜோடியாக அடுக்குங்கள். ஜோடியில்லாமல் நிற்பவைதான் வித்தியாசம். இடைவெளி விட்டுப் பரப்பிய வரிசையைப் பார்த்து "அதில்தான் அதிகம்" என்று இந்த வயதுப் பிள்ளைகள் சொல்வது இயல்பு. வாதாட வேண்டாம், சேர்த்து அடுக்கிக் காட்டினால் போதும்.

இதெல்லாம் சரளமானால் முழுப் பலகைக்குப் போங்கள்: 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70 கொட்டை. முடிவில் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள்.