மொரிஸ் மைனர் வச்சிருக்கீங்களா, முதல்ல முன் சில்லுக்கு கிரீஸ் அடிங்க

கொழும்புல பழைய கார் ஒன்ட வாங்கின உடனே எல்லாரும் பொனட்ட திறந்து காபரேட்டர நோண்ட தொடங்கிடுறாங்க. மைனர்ட எஞ்சின் லேசுல சாகாது, 1952க்கு பிறகு வந்த மைனர்ல இருக்கிற அதே ஏ சீரிஸ் எஞ்சின்தான் பிறகு மினி காருக்கும் போட்டாங்க, பழைய மெக்கானிக் பாஸ்மாருக்கு அது தண்ணி பட்ட பாடு. உயிருக்கு ஆபத்து இருக்கிறது கீழ, முன் சில்லு ரெண்டுலயும்.

முன் சில்லு திரும்புற அச்சுதான் கிங்பின், அதுட ரெண்டு நுனியும் டிரன்னியன் என்ட சாமானுக்குள்ள மரை போட்டு இருக்கும், நீங்க ஸ்டியரிங்க திருப்புற ஒவ்வொரு தடவையும் அந்த மரையிலதான் சில்லு திரும்புது. கிரீஸ் போகாம, மழைத்தண்ணியும் மண்ணும் உள்ள போய் மரை தேஞ்சிட்டா ஒரு நாளைக்கு அது கழண்டு சில்லு மட்கார்டுக்குள்ள மடிஞ்சு கார் ரோட்லயே படுத்துடும். அனேகமா பார்க் பண்ண திருப்புறப்பதான் நடக்கும், ஆனா பேஸ்லைன் ரோட்ல ஓடுறப்ப நடக்காது என்டு யாருக்கும் சொல்ல ஏலாது.

செய்ற முறை இதுதான். சமமான இடத்துல நிப்பாட்டி, பின் சில்லுக்கு கல்லு வச்சு, முன்பக்கத்த ஜெக் அடிச்சு கட்டாயம் ஸ்டாண்ட்ல இறக்குங்க, வெறும் ஜெக்க நம்பி கீழ போகவே வேணாம். கிரீஸ் அடிக்கிற சின்ன முனைய, அதான் நிப்பிள, மண்ணெண்ணெய் தொட்ட துணியால நல்லா துடைச்சிட்டு அடிங்க, துடைக்காம அடிச்சா மண்ணத்தான் உள்ள தள்ளுவீங்க. முதல்ல கறுப்பா, தண்ணி கலந்திருந்தா பழுப்பா பழைய கிரீஸ் பிதுங்கி வரும், புது கிரீஸ் அதே நிறத்துல வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும், நடுவுல ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி திரும்ப அடிங்க. ஒன்டுமே வெளிய வரல்லையா, நிப்பிள் அடைச்சிருக்கு, கழட்டி மாத்துங்க, சின்ன காசுதான். 1000 மைலுக்கு ஒருக்கா கணக்கு வச்சாலும் மழைக்காலத்துல மாசத்துக்கு ஒருக்கா அடிச்சா நல்லது.

கிரீஸ் அடிச்ச கையோட டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டி பாருங்க. ஆட்டம் இருந்தா வீட்ல யாரையாவது பிரேக்க மிதிக்க சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்டுட்டா பேரிங், நிக்கல்லன்னா டிரன்னியன் பக்கம்தான் தேய்மானம், அந்த கார அதுக்கு மேல ஓட்ட வேணாம்.

அடுத்தது பிரேக். பிரேக் ஒயில் ஊத்துற மாஸ்டர் சிலிண்டர் டிரைவர்ட காலடியில கார்பெட்டுக்கு கீழ இருக்கிறதால நிறைய பேருக்கு அது ஞாபகமே வராது. பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், நம்ம ஊர் புழுக்கத்துக்கு கேக்கவே வேணாம், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா முழுசா மாத்திடுங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க.

ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிச்சா ரெண்டு விஷயம் பாருங்க. கீ போட்டதும் பெற்றோல் பம்ப் டிக் டிக்ன்டு அடிச்சு கொஞ்சத்துல நிக்கணும். நிக்காம அடிச்சிட்டே இருந்தா எங்கயோ பெற்றோல் ஒழுகுது, இல்லாட்டி டேங்க் காலி, சத்தமே இல்லாட்டி பம்புக்குள்ள கரண்ட் தொட்டு விடுற பொயின்ட் அழுக்காகி இருக்கலாம். பம்ப் சரின்னா பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய திறங்க. அதுக்குள்ளயும் பொயின்ட் இருக்கு, அது நல்லா விரிஞ்சு நிக்கிற இடத்துல இடைவெளி அளக்கிற தகடு, பீலர் கேஜ், 0.015 இன்ச் லேசா உரசிட்டு போகணும். பொயின்ட்ட முகம் கருகி இருந்தா நைஸ் எமரி பேப்பரால தேச்சு துணியால துடைச்சிடுங்க. பிளக் இடைவெளி 0.025 இன்ச். டிஸ்ட்ரிபியூட்டருக்கு போடுற கண்டென்சர் ஒன்டு, ரோட்டர் ஆம் ஒன்டு எப்பவும் டிக்கியில இருக்கட்டும், ஓடிட்டு இருந்த பழசா இருந்தா இன்னும் நல்லம், இப்ப வர்ற புதுசு சிலது கிழமை கூட தாங்காது.

அக்ஸிலேட்டர மிதிச்சதும் இழுக்காம திக்கினா காபரேட்டர பிரிக்க முதல் மேல இருக்கிற மூடிய கழட்டி உள்ள எஞ்சின் ஒயில் இருக்கா பாருங்க, அனேகமா வத்திப் போயிருக்கும்.

பெட்டரி விஷயத்துல கவனம். இந்த கார் வர்றப்ப பெட்டரிட பிளஸ் பக்கத்ததான் கார் பொடியோட எர்த்தா பூட்டி இருந்தாங்க, இடையில யாராவது மாத்தியும் இருப்பாங்க, அதனால ரேடியோவோ சார்ஜரோ பூட்ட முதல் எது எர்த் என்டு கண்ணால பாத்துடுங்க.

2002ல இருந்து இங்க ஈயம் இல்லாத பெற்றோல்தான். அதுக்கு பழைய எக்ஸோஸ்ட் வால்வ் சீட் மெதுவா தேயும். ஆறின எஞ்சின்ல வால்வ் இடைவெளி 0.012 இன்ச், அத சரி பண்ணி கொஞ்ச நாள்லயே திரும்ப குறைஞ்சிட்டே போனா ஹெட்ட கழட்டி கடினமான சீட் போட குடுக்க வேண்டியதுதான்.

துருவ பத்தி தனியா எழுதணும், அவ்வளவு இருக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடல் காத்துல நிக்கிற காருக்கு பின் ஸ்பிரிங் பூட்டுற இடத்தையும் கதவுக்கு கீழ நீளமா ஓடுற தகரத்தையும் (இங்கிலீஷ்ல sill) காந்தம் வச்சு பாருங்க, ஒட்டல்லன்னா உள்ள தகரம் இல்ல, பேஸ்ட் அப்பி பெயின்ட் அடிச்சிருக்கு.

சாமான் வாங்க பஞ்சிகாவத்தைக்கு போறப்ப பழைய சாமான கையோட கொண்டு போங்க. ஸ்டார்டர், டைனமோ மாதிரி இரும்பு சாமான் பழசு வாங்கலாம், பிரேக் ரப்பர் மட்டும் புதுசுதான். டிரன்னியன் இடது வலது ரெண்டுக்கும் மரை வேற வேற, எந்த பக்கம் என்டு சொல்லி, கடையிலயே பழைய கிங்பின்ல சுத்தி பாத்துட்டு காசு குடுங்க.